இன்ஜினைத் திறப்பதற்கு முன்

"தினமும் ரெண்டு மணி நேரம் ஆன்லைனில் ஆடுகிறான் சார், ரேட்டிங் மட்டும் ஏறவே மாட்டேங்குது." செஸ் பயிற்சியாளராகப் பெற்றோரிடம் நான் அதிகம் கேட்பது இதைத்தான். பையனை விசாரித்தால், ஆடியதெல்லாம் பிளிட்ஸ் எனும் மூன்று நிமிட அதிவேக ஆட்டம். தோற்ற கையோடு அடுத்த ஆட்டம். எப்போதாவது திரும்பிப் பார்த்தாலும், இன்ஜின் (ஆட்டத்தை அலசும் செஸ் மென்பொருள்) காட்டும் சிவப்புக் குறியைப் பார்த்து "ஓ, இங்கதான் போச்சா" என்று மூடிவிடுகிறான்.

எங்கே தவறினோம் என்று இன்ஜின் சொல்லிவிடும். என்ன நினைத்து அப்படி ஆடினோம் என்பது நமக்குத்தான் தெரியும். அதுவும் ஆட்டம் முடிந்த சூட்டில்தான் நினைவிருக்கும். அதனால் பலகையை எடுத்து வைத்து, தோற்ற ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து ஆடிப் பாருங்கள். தடுமாறிய இடத்தில் நிறுத்தி நோட்டில் எழுதுங்கள்: "சிப்பாய் சும்மா கிடைக்கிறது என்று குதிரையால் அடித்தேன். ராணி செக் கொடுக்கும் என்று பார்க்கவில்லை." சில ஆட்டங்களை இப்படி எழுதினாலே, ஒரே தவறு வேறு வேறு வேஷத்தில் வருவது தெரியும். அப்புறம் இன்ஜினைத் திறக்கலாம். 2024-இல் உலகப் பட்டம் வென்ற நம் குகேஷே சிறுவயதில் வெகுகாலம் இன்ஜின் இல்லாமல் பயிற்சி எடுத்தவர்தான்.

தனியாகப் படிப்பவர்கள் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) வீடியோக்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள். நான் முதலில் படிக்கச் சொல்வது சிப்பாய் இறுதியாட்டம், அதாவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம். ஏன் என்பதற்கு ஒரு உதாரணம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டத்தின் கடைசி ஆட்டம். குகேஷை எதிர்த்து ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு என்றாலும் டிரா செய்யக்கூடிய நிலைதான். 55-வது நகர்த்தலில் ரூக்கை (கோட்டை) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷ் ரூக்குகளை மாற்றிக்கொண்டு பிஷப்பை (மந்திரி) டி5-இல் வைத்தார். மூலையில் மாட்டியிருந்த டிங்கின் பிஷப்புக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மிஞ்சியது ராஜாக்களும், ஒன்றுக்கு இரண்டாகச் சிப்பாய்களும். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். எல்லாக் காய்களையும் மாற்றினால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவருக்குத்தான் எப்போது மாற்றலாம் என்பதும் தெரியும்.

இதை வீட்டிலேயே பழகலாம். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. யார் முதலில் நகர்த்தினாலும் வெள்ளைக்கு வெற்றி. ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். பிறகு மூன்று காய்களையும் ஒரு வரிசை கீழே இறக்குங்கள். இப்போது வெள்ளையின் முறை என்றால் டிராதான். பிடிபட்டதும் லிசெஸ் தளத்தில் இதே நிலையை வைத்துக் கணினியோடு ஆடிப் பாருங்கள், இலவசம்தான்.

பிளிட்ஸை அடியோடு விடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு ஆட்டமாவது ஒரு மணி நேரக் கடிகாரத்தில், நகர்த்தல்களைக் கையால் எழுதிக்கொண்டே ஆடுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். வகுப்புக்கு வரும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான்.