நகல்: பார்ப்பதும் படியெடுப்பதும்

'நகல்' தமிழ்ச் சொல் இல்லை. அரபியில் 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. ஒன்றைப் பார்த்து எழுதுவதற்கும் அதே சொல்தான். உருது வழியாக வந்து நம் அலுவலகத் தமிழில் ஒட்டிக்கொண்டது. 'பிரதி' வடமொழி. நமக்கென்று இருப்பது 'படி'. ஏட்டைப் பார்த்து எழுதினால் படியெடுத்தல். கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்தால் மைப்படி.

ஏடோ தாளோ, படி என்றால் கையில் எடுக்கக்கூடிய பொருள். பிறர் படைப்பை அனுமதியில்லாமல் நகலெடுக்கக் கூடாது என்கிற காப்பிரைட் சட்டமும் அந்த நினைப்பிலேயே வளர்ந்தது. கணினி வந்தபோதுதான் வம்பு. ஒரு பக்கத்தைத் திரையில் காட்டவே கணினி அதை முதலில் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். புத்தகத்தை நகலெடுக்காமல் படிக்கலாம், இணையப் பக்கத்தை முடியாது.

1993இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு, 'எம்ஏஐ எதிர் பீக்'. பீக் நிறுவனத்தின் பழுதுபார்க்கிறவர் கணினியை இயக்குகிறார், எம்ஏஐ நிறுவனத்தின் மென்பொருள் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில் ஏறுகிறது. அதுவும் நகல்தான் என்றது ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். மின்சாரத்தை நிறுத்தினால் காணாமல் போகிற நகல்! 1998இல் பழுதுபார்ப்புக்கு விலக்கு தந்து சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அப்புறம் 2008இல் கேபிள்விஷன் என்கிற கேபிள் டிவி நிறுவனத்தின் வழக்கு. அதிகபட்சம் 1.2 நொடி மட்டும் தங்குகிற தரவு நகல் ஆகாது என்றது இரண்டாம் வட்ட நீதிமன்றம். சரி, எத்தனை நொடி தங்கினால் நகல்? அதற்குக் கோடு கிழிக்கவில்லை. இந்த நழுவல் எனக்குப் பிடித்திருக்கிறது; தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. இந்தியா 2012 திருத்தத்தில், தரவை அனுப்பும்போது இடையில் தற்காலிகமாகத் தங்கும் சேமிப்புக்கு விலக்கு அளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 2001லேயே செய்துவிட்டது.

'காப்பிரைட்' என்பதைப் பலர் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். ஓசை ஏமாற்றுகிறது. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டன்ட். காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை' என்பதே வழக்கு. அதில் அச்சுக்கூட வாசனை கொஞ்சம் தூக்கல். நேராகப் 'படியுரிமை' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அந்த 1.2 நொடி வம்பும் கூடவே வரும்.