இருட்டில் கண் போடும் கணக்கு

1942 பிப்ரவரி 25 அதிகாலை 3.16 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வானை நோக்கிச் சுடத் தொடங்கி, 4.14 மணி வரை 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் செலவழித்தன. விடிந்து பார்த்தபோது சுட்டு வீழ்த்தப்பட்ட விமானமும் இல்லை, எதிரி போட்ட குண்டும் இல்லை. அன்றிரவு அந்நகரின்மீது விமானம் எதையும் அனுப்பவில்லை என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானும் கூறிவிட்டது. ஆயினும் ஒரே விமானத்தைக் கண்டவர்களும் நூற்றுக்கணக்கில் கண்டவர்களும் இருந்தார்கள். வேகம் மிக மெதுவானது என்பதிலிருந்து மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் என்பது வரை சாட்சியங்கள் வேறுபட்டன.

பிப்ரவரி 23 மாலையில்தான் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று சாண்டா பார்பரா அருகே எல்வுட் எண்ணெய் வயலைத் தாக்கியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பேச்சிலேயே சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். பதற்றம் மட்டுமே காரணம் என்று முடித்துவிட்டால், சாட்சியங்கள் ஏன் இவ்வளவு முரண்பட்டன என்பது விளங்காது.

நம் கண்கள் ஏறக்குறைய 6 செ.மீ. இடைவெளியில் அமைந்துள்ளன. அருகிலுள்ள பொருளின் தூரத்தை அறிய இது போதும். சில நூறு மீட்டருக்கு அப்பால் பயன்படாது. அதற்குமேல் மரம், வீடு, குன்று என்று அளவு தெரிந்த பொருள்களை ஒப்பிட்டே தூரத்தை ஊகிக்கிறோம். இருட்டடிப்பில் மூழ்கிய நகரின் வானத்தில் அந்த ஆதாரமும் இருக்காது. கண்ணுக்குக் கிடைப்பது கோணம் ஒன்றுதான்.

வேலூர்க் கோட்டை அகழியோரம் நின்று இரவில் நகரும் ஒரு வெளிச்சத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும். வெளிச்சம் அந்த அகலத்தை ஒரு வினாடியில் கடக்கிறது என்றால், அது 1 கி.மீ. தொலைவில் இருந்தால் அதன் வேகம் மணிக்குச் சுமார் 63 கி.மீ.; 5 கி.மீ. தொலைவில் இருந்தால் 314 கி.மீ. காட்சி ஒன்றேதான், பார்ப்பவர் மனத்துக்குள் எடுத்துக்கொண்ட தூரத்தைப் பொறுத்து அது காற்றில் மிதக்கும் பலூனாகவோ போர்விமானமாகவோ ஆகிவிடுகிறது. இருட்டில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளி, கண்ணின் நுண்ணசைவுகளால், தானே நகர்வதுபோலத் தோன்றுவதும் உண்டு.

அன்று அதிகாலை 3.06 மணிக்குச் சாண்டா மோனிகாவின் மேல் சிவப்பு ஒளி ஏந்திய பலூன் ஒன்று தெரிந்தது. முதலில் சுட்டது அதைத்தான். இரவில் விடப்படும் வானிலை பலூன்களில், கீழிருந்து தொடர்ந்து கவனிப்பதற்காகச் சிறு விளக்கைக் கட்டியனுப்புவது அக்கால வழக்கம். சுடத் தொடங்கியபின் வானம் இலக்குகளைத் தானே உண்டாக்கிக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெடித்த ஒவ்வொரு குண்டும் ஒரு புகைத்திரளை விட்டது. காற்று அதை மெல்ல நகர்த்தியது. தேடுவிளக்கின் ஒளிக்கற்றை பட்டதும் அது பளிச்சென்று வடிவம் பெற்றது. கற்றைகள் பல வந்து கூடும் இடத்தில், தூசியும் புகையும் சிதறடிக்கும் ஒளி ஒன்றுசேர்ந்து, திடப்பொருள் ஒன்று நிற்பதுபோன்ற தோற்றம் தரும். பத்திரிகையில் வந்த புகழ்பெற்ற படத்தில் காண்பதும் அத்தகைய சந்திப்புதான். போதாக்குறைக்கு, அச்சில் தெளிவாக விழவேண்டும் என்று அதைத் தூரிகையால் திருத்தியும் இருந்தார்கள்.

பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த காவலூரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிகூடத் தான் பார்க்கும் திசையைத்தான் நேரடியாகக் காட்டும். தூரத்துக்கு வேறு வழி தேட வேண்டும். வானில் தெரியும் மர்ம வெளிச்சத்துக்கு அவ்வழி எளிது. கோட்டையருகே ஒருவரும் காட்பாடி ரயில் நிலையத்தில் ஒருவரும் ஒரே கணத்தில் அது எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டால், இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தை அடிப்பக்கமாகக் கொண்ட முக்கோணம் மீதியைச் சொல்லிவிடும்.

வானிலை பலூன்களே குழப்பத்தின் தொடக்கமாக இருக்கலாம் என்பது 1983-இல் அமெரிக்க விமானப்படையின் வரலாற்றுப் பிரிவு வெளியிட்ட முடிவு. சுட்டதற்கும் பார்த்ததற்கும் அது பொருந்துகிறது. ஆனால் சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, நகருக்கு மேற்கே கடலில் சுமார் 190 கி.மீ. தொலைவில் ஏதோ வருவதாக ராடார் காட்டியது. கரைக்குச் சில மைல் வரை அதைத் தொடர்ந்தும் வந்தார்கள். அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை நேராக அளப்பது ராடார். கண்ணின் கோணக் குழப்பத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது என்பதால், அந்தப் புள்ளி மட்டும் இன்னும் விளக்கமின்றியே நிற்கிறது.