வாத்துத் தோலும் நமத்துப்போன அப்பளமும்

விடுமுறைக்கு பெய்ஜிங் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பெயர்பெற்ற வாத்துக் கடை ஒன்றில் சாப்பிட்டோம். முதல் துண்டுத் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிள்ளைகள் படம் எடுத்து முடிப்பதற்குள் அதே தட்டில் இருந்த தோல் தொய்ந்துவிட்டது. சூடு ஆறியதாலா?”

இல்லை. சூடு ஆறினால் அந்தத் தோல் இன்னும் விறைத்திருக்க வேண்டும். தொய்ய வைத்தது தண்ணீர். அதை விரட்டுவதற்காகத்தான் சமையல்காரர்கள் ஒரு நாளுக்கு மேல் மெனக்கெடுகிறார்கள்.

பெய்ஜிங்கில் வாத்து சுடும் வழி இரண்டு. தன் தொடக்கத்தை 1416 என்று சொல்லிக்கொள்ளும் பியன்யிஃபாங் கடையினுடையது மூடிய அடுப்பு. 1864இல் சியென்மென் பகுதியில் தொடங்கிய சுவென்ஜூதே, கதவில்லாத செங்கல் அடுப்புக்குள் வாத்தைத் தொங்கவிட்டு, பழமரக் கட்டைகளை எரித்துச் சுடுகிறது. நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது வழி.

கழுத்தருகே சிறு துளையிட்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றடிக்கிறார்கள். பறவை பந்துபோல் உப்பும். உருகும் கொழுப்பு வழிந்தோட இப்படி இடம் கிடைக்கிறது. அடுத்து, கொதிக்கும் நீரை மேலே ஊற்றுவார்கள். ‘தோலின் துவாரங்கள் மூடிக்கொள்ளும்’ என்று சொல்வதுண்டு; அது சமையலறை நம்பிக்கை. உண்மையில் சுருங்குவது தோலில் உள்ள கொலாஜன் புரதம். அதன்பின் மால்ட்டோஸ் பாகைத் தடவி, காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சாதாரணச் சர்க்கரை ஏன் கூடாது? புரதத்தோடு வினைபுரிந்து பழுப்பாக, மால்ட்டோஸ் போல வினைபுரியும் முனையுள்ள சர்க்கரை தேவை. நம் வீட்டுச் சர்க்கரைக்கு அந்த முனை அடைபட்டிருக்கிறது. 1912இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது.

அப்புறம் ஒரு குறும்பு. குடலை இறக்கைக்கு அடியில் ஒரு சிறு ஓட்டை வழியாகத்தான் எடுத்திருப்பார்கள். வாத்து கிழியாத பையாகவே இருக்கும். பின்புறத்தைச் சோளத்தட்டையால் அடைத்து, வயிற்றுக்குள் சுடுநீரை ஊற்றி அடுப்பில் ஏற்றுகிறார்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. வெளியே 200 டிகிரிக்கும் மேல். வெளியில் சுட்டது, உள்ளே வேகவைத்தது, இரண்டும் ஒரே பறவை!

சரி, நொறுங்குதல் எங்கே வருகிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

கொலாஜன் என்பது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு. ஈரமும் சூடும் சேர்ந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலாட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதே பொருள். ஆக, முதலில் தோலில் கொஞ்சம் ஈரம் வேண்டும். கயிறு அவிழ்ந்தபின் அதே ஈரம் வெளியேற வேண்டும். இரண்டில் எது தவறினாலும் தோல் செருப்புத் தோலாகிவிடும். நான் ஒருமுறை ஈரம் துடைக்காமல் கோழியை ஓவனில் வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறேன்.

ஈரம் போன ஜெலாட்டின் ஒரு கண்ணாடி. உவமையாகச் சொல்லவில்லை, இயற்பியலில் அதற்குப் பெயரே அதுதான்: மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடந்து, அசைய முடியாமல் உறைந்துபோன நிலை. வளைய முடியாததால் கடித்தால் உடைகிறது. இப்போது கொஞ்சம் நீர் உள்ளே நுழையட்டும். இழைகளுக்கு நடுவே புகுந்து, கதவுக் கீலில் விட்ட எண்ணெய்போல அவற்றை நழுவ விடுகிறது. கண்ணாடி ரப்பராக இளகும் வெப்பநிலை சரசரவென்று இறங்கி, அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடும். உடனே தொய்வு. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்துவைத்தால் பொரித்த அப்பளம் நமத்துப்போவதும் இப்படித்தான். அங்கே ஜெலாட்டினுக்குப் பதில் மாவுச்சத்து, அவ்வளவுதான்.

வாசகியின் தட்டில் ஈரம் எங்கிருந்து வந்தது? தோலுக்கு அடியில் இருந்த சதையிலிருந்து. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். வெட்டியபின்னும் ஆவி மேலே வந்துகொண்டே இருக்கும், துண்டுகளை அடுக்கிவைத்தால் போக வழியின்றித் தோலிலேயே இறங்கும்.

நொறுங்கும் ஓசைக்கும் ருசியில் பங்குண்டு. உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை மின்னணுக் கருவியால் கூட்டிக் குறைத்து, அதற்கேற்ப மொறுமொறுப்பும் கூடிக் குறைவதாக மனிதர்கள் உணர்வதைக் காட்டிய சம்பினி, ஸ்பென்ஸ் இருவருக்கும் 2008இல் இக் நோபல் கிடைத்தது. சிரிக்க வைத்து யோசிக்க வைக்கும் பரிசு. நம் ஊரில் ‘அப்பளச் சத்தம் ஆராய’ என்று யாராவது நிதி கேட்டால் சிரிப்போடு நின்றுவிடும் என்பது என் சந்தேகம். கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பெய்ஜிங் கடைகளில் சமையல்காரர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று வாத்தைச் சீவுவது வெறும் வேடிக்கைக்காக அல்ல. மார்புத் தோலை முதலில் எடுத்துத் தனியாக வைப்பார். அதை வெள்ளைச் சர்க்கரையில் தொட்டு உடனே வாயில் போட வேண்டும். படமா? அடுத்து சதையை மெல்லிய கோதுமை அப்பத்தில் வைத்துச் சுருட்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.