சிங்கே: சிங்கத்தோடு உறவில்லாத ஒரு சொல்

தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்த என் சின்ன அத்தை, தேக்கா சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தெருவிழாவின் விளம்பரத் தட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ‘சிங்கே’ என்றால் சிங்கமா என்று கேட்டார். சீனப் புத்தாண்டு நேரம், கடைவாசலெல்லாம் சிங்க நடனம், ஊர்ப் பெயரிலேயே ஒரு சிங்கம். அவர் ஊகத்தில் குற்றமில்லை. சொல்லின் முதலில் வரும் சகரத்தைத் தமிழர் பலர் ‘ஸ’ என்றே ஒலிக்கிறோம். ‘ச்சிங்கே’ என்று அழுத்திச் சொல்லியிருந்தால் இந்த மயக்கம் வந்திருக்காது.

சொல் சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியனிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் இன்று அதற்கு எழுதப்படும் இரண்டு சீன எழுத்துகளில் முதலாவது ஒப்பனையையும் இரண்டாவது கலையையும் குறிக்கும். ஒப்பனைக் கலை, வேடப் புனைவு என்று பொருள் கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்குள்ள ஹொக்கியன் மக்கள் கோவில் ஊர்வலங்களில் சிறுவர் சிறுமியருக்குக் கதை மாந்தர் வேடமிட்டு, அலங்கரித்த மேடைகளில் உட்காரவைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள்.

இப்போது நாம் பார்க்கும் சிங்கே 1973ஆம் ஆண்டில் பிறந்தது. பட்டாசு விபத்துகளில் உயிர்ச்சேதம் ஏற்பட்டு, 1972இல் பட்டாசுக்குத் தடை வந்தது. வெடிச்சத்தம் இல்லாத புத்தாண்டு களையிழந்துபோகுமே என்ற குறையைப் போக்க, அன்றைய பிரதமர் லீ குவான் இயூ யோசனை சொல்ல, மக்கள் கழகமும் தற்காப்புக் கலைச் சங்கங்களின் சம்மேளனமும் ஜாலான் புசாரிலிருந்து அவுட்ரம் வரை அணிவகுப்பு நடத்தின. சில ஆண்டுகளிலேயே மலாய், இந்தியக் குழுக்களும் சேர்ந்துகொண்டன. கோவிலிலிருந்து கிளம்பிய சொல், கோவிலை விட்டுவிட்டு ஒப்பனையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது.

கடல் கடந்து மலேசியாவுக்குப் போனால் அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. பினாங்கில் சிங்கே என்றால் பெருங்கொடி: 25 அடிக்கும் மேற்பட்ட மூங்கிலில் கட்டிய கொடியை நெற்றியிலும் தோளிலும் பல்லிலும் நிறுத்திக் காட்டும் வித்தை. ஜோகூர் பாருவிலோ பழைய சீனக் கோவிலின் ஐந்து தெய்வங்கள் ஆண்டுக்கொரு முறை வெளியே எழுந்தருளித் திரும்பும் விழா. ஆகவே, சிங்கேக்குத் தமிழ் என்ன என்று கேட்பவரிடம், எந்த ஊர்ச் சிங்கேக்கு என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

‘ஊர்வலம்’ என்பது ஊரை வலம் வருவது. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. ஜோகூர் பாருவுக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. நம்முடைய சிங்கே நேர்கோட்டில் போய் முடிந்துவிடும். ‘அணிவகுப்பு’ என்றுதான் செய்தித்தாளில் எழுதுகிறோம். ‘அணி’ என்ற சொல்லுக்கு வரிசை, அலங்காரம் என இரண்டு பொருளும் உண்டு என்பதால் அகராதிப்படி அது அழகான தேர்வுதான். ஆனால், ஆண்டுதோறும் ஆகஸ்டில் தேசிய தின அணிவகுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் பூட்ஸ் சத்தம்தான் முதலில் கேட்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

சிங்கேயைப் பார்க்க, கார்ப்பந்தயத் தடத்தை ஒட்டிய எஃப்1 பிட் கட்டடத்துக்கு அத்தையை அழைத்துப்போனேன். எங்களுக்கு நேர் எதிரே ஒரு பொய்க்கால் குதிரைக்காரருக்கு இடுப்பில் கட்டிய குதிரைக்கூடு சற்றே நழுவியது. பின்னால் வந்த மலாய் நடனப் பெண் தன் விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து முடிச்சை இறுக்கிவிட்டாள். இரண்டு மத்தளச் சுற்றுக்குள் முடிந்துவிட்ட காரியம். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே, இது சாமி இல்லாத வீதியுலா என்றார்.

எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. ‘உலா’ நமக்கு ஓர் இலக்கிய வகையும்கூட. தலைவன் வீதியில் வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் பார்ப்பதைப் பாடுவது அது. உலா வருபவனுக்கு எவ்வளவு இடமோ, பார்ப்பவர்களுக்கும் அவ்வளவு இடம். பார்வையாளர் மாடங்கள் இல்லாமல் சிங்கேயும் இல்லை. ஒப்பனைக்கோ நம்மிடம் ‘கோலம்’ இருக்கிறது. வாசலில் போடுவது மட்டுமா கோலம்? மணக்கோலம், தவக்கோலம் என்று புனைந்த தோற்றத்தையெல்லாம் சுட்டும் சொல் அது. இரண்டையும் சேர்த்தால் ‘கோல உலா’. சிலர் ‘ஒப்பனைக் கலைப் பேரணி’ என்று மொழிபெயர்த்துத் தரக்கூடும். பேரணி என்றதும் கோரிக்கை அட்டைகள் கண்முன் வந்துவிடும் என்பதால் அது வேண்டாம்.

விழாவின் பெயராக எழுதும்போது சிங்கே என்றே எழுதலாம். பொங்கலைச் சீனர்கள் பொங்கல் என்றுதானே சொல்கிறார்கள். அது எப்படிப்பட்ட நிகழ்ச்சி என்று விளக்கும் இடத்தில் கோல உலா என்று எழுதலாம்: ‘இவ்வாண்டுச் சிங்கே கோல உலாவில் எங்கள் கரகக் குழுவும் ஆடுகிறது.’