தை மாதத்தில் மாமரத்தில் கத்தி வைக்கலாமா?

தை பிறந்து வாடைக்காற்றின் ஈரம் குறையத் தொடங்கும் வாரங்களில், திருகோணமலையின் வீட்டு வளவுகளில் கத்தியும் மண்வெட்டியும் வெளியே வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறும் இப்பகுதியில் அதன் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பெய்து தீர்ந்துவிடுவதால், மாரியில் தாறுமாறாக வளர்ந்த கிளைகளை வெட்டுவது, வேரடியைக் கொத்துவது, எருப் போடுவது ஆகிய எல்லா வேலைகளும் ஒன்றாகக் குவிகின்றன. வளவிலுள்ள எல்லா மரங்களுக்கும் ஒரே வேலையை ஒரே நாளில் செய்து முடித்துவிடுவது பலரின் வழக்கம். ஆனால் கொய்யாவைக் காய்க்கவைக்கும் அதே வெட்டு, பக்கத்தில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் அவ்வாண்டு விளைச்சலை இல்லாமல் செய்துவிடும். ஒவ்வொரு மரமும் எந்த வயதுக் கிளையில் பூக்கிறது என்பதே இதற்குக் காரணம்.

கிளையின் நுனியில் விரியும் இளந்தளிர்கள் ஒட்சின் என்னும் ஓமோனை உண்டாக்குகின்றன. அது கிளை வழியே கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்வரை இலைக்கக்கங்களிலுள்ள பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. 1933இல் கெனத் திமானும் ஃபோல்கே ஸ்கூகும் அவரையினச் செடியொன்றின் நுனியைக் கொய்துவிட்டு, வெட்டுவாயில் ஒட்சினை வைத்துப் பார்த்தார்கள்; நுனி போன பின்னரும் பக்கமொட்டுகள் எழவில்லை. இந்த அடக்குமுறை எளிமையானதன்று என்பது பிற்பாடு தெரியவந்தது. மொட்டை எழுப்பும் சைற்றோகைனினை ஒட்சின் குறைக்கிறது; மொட்டை அடக்கும் ஸ்ட்ரைகோலக்டோனைக் கூட்டுகிறது. 2014இல் பட்டாணிச் செடிகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று இன்னொன்றையும் காட்டியது: நுனியை வெட்டியதும், ஒட்சின் குறைந்துபோன செய்தி கீழ்மொட்டுகளை எட்டுவதற்கு முன்னரே, நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை அவற்றுக்குத் திரும்பி, அவற்றை எழுப்பத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, வெட்டுவது என்பது மரத்தைப் புதுத்தளிர் விடச் சொல்வதாகும். கொய்யா தன் பூக்களைப் புதுக்கிளையின் இலைக்கக்கங்களில்தான் விடுகிறது என்பதால், தையில் நுனி வெட்டப்பட்ட கொய்யா தளிரோடு சேர்த்துப் பூவையும் தருகிறது. மாதுளையும் முருங்கையும் ஏறக்குறைய இதே போக்குடையவை. முருங்கையைத் துணிந்து ஆளுயரத்துக்குக் குறைத்துவிடலாம்.

மாமரம் இதற்கு நேர்மாறானது. அதன் பூங்கொத்து முதிர்ந்து ஓய்ந்திருக்கும் கிளையின் நுனிமொட்டிலிருந்து வருகிறது. மா ஆண்டு முழுவதும் தொடர்ந்து வளர்வதில்லை. ஒரு தளிர்ப்பு, பிறகு நீண்ட ஓய்வு, மறுபடி ஒரு தளிர்ப்பு என விட்டுவிட்டு வளர்கிறது. ஓய்வு கலையும் ஒவ்வொரு தடவையும் நுனிமொட்டு தளிராக வேண்டுமா பூவாக வேண்டுமா என்பது அந்நேரத்தில் தீர்மானிக்கப்படுகிறது. முதிர்ந்த இலைகள் அனுப்பும் பூத்தூண்டற் புரதம் பூவின் பக்கமும், இளந்தளிர்களில் மிகுந்திருக்கும் ஜிபரலின் என்னும் ஓமோன் தளிரின் பக்கமும் இழுக்கின்றன. மா வளரும் சற்றுக் குளிர்ந்த நாடுகளில் 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் இரவுகள் அந்தத் தராசைப் பூவின் பக்கம் சாய்த்துவிடும். திருகோணமலையிலோ தை மாத இரவுகூட 24 பாகையளவில்தான் நிற்கிறது. குளிர் உதவிக்கு வராத இப்படிப்பட்ட கரையோரங்களில் கிளையின் வயதே பெரிதும் தீர்மானிக்கிறது. நான்கைந்து மாதங்களுக்குக் குறையாமல் தளிர்க்காமல் ஓய்ந்திருந்த கிளை பூக்கும். மார்கழி மழையில் தளிர்த்த கிளை எளிதில் பூக்காது.

இதைக் கண்ணாலும் கையாலும் அறியலாம். செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் இலைகளுள்ள கிளை இன்னும் இளையது. இலைகள் கரும்பச்சையாகி, கைக்குள் வைத்துக் கசக்கினால் நொறுங்குமளவு மொரமொரப்பாகி, நுனிமொட்டும் பருத்திருந்தால் அக்கிளை பூக்க ஆயத்தமாகிவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டு விவசாயிகள் இந்தப் பக்குவத்தைப் பார்த்துத்தான் முன்னர் மாமரத்தடியில் நாட்கணக்கில் புகைமூட்டம் போட்டார்கள். புகையிலுள்ள எதிலீன் மொட்டைத் தூண்டியது. 1970களில் ரமோன் பார்பா என்ற அந்நாட்டு ஆய்வாளர், பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலைத் தெளித்தாலே போதும் எனக் கண்டறிந்தார். கிளை முதிர்ந்திராவிட்டால் இந்த மருந்தும் பலிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படி முதிர்ந்துநிற்கும் நுனியைத் தையில் வெட்டினால், பூவைத் தாங்கவிருந்த மொட்டு போய்விடும். கீழே எழும் பக்கமொட்டுகள் நமது வெப்பத்தில் தளிராகவே வரும். யூரியாவும் தாராளமான தண்ணீரும் இதே பிழையைக் கத்தியின்றிச் செய்கின்றன. மாமரத்துக்கு வெட்டும் நைதரசன் எருவும் அறுவடை முடிந்த கையோடு கிடைக்க வேண்டியவை. அப்போதுதான் அதன்பின் வரும் தளிர் அடுத்த தைக்குள் முதிரும். இப்போது செய்யத்தக்கது காய்ந்த குச்சிகளையும் குருவிச்சையையும் அகற்றுவது மட்டுமே. பூத்த பின்னர் பூச்சிகொல்லி தெளிக்க அவசரப்படுவதும் தகாது. ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருந்தாலும், அவற்றுட் பெரும்பாலானவை ஆண்பூக்கள். காயாகக்கூடிய மிகுதியை மகரந்தச் சேர்க்கை செய்து தருபவை பெரும்பாலும் ஈக்களே.

தண்ணீரை நிறுத்துவது மாவுக்கும் தேசிக்கும் வெவ்வேறு வகையில் உதவுகிறது. மாவில் வறட்சி புதுத்தளிரைத் தடுத்து, கிளை முதிரக் காலம் கொடுக்கிறது. தேசியிலோ வறட்சியே பூத்தூண்டலாக அமைகிறது. சில வாரம் நீர் விடாமலிருந்து, நடுப்பகலில் இலைகள் சற்றே சுருளத் தொடங்கியதும் வேர் நனைய ஊற்றினால், மூன்று நான்கு வாரங்களில் பூ வருகிறது. இத்தாலியின் சிசிலித் தீவில் எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறை இதுதான். இலை உதிருமளவுக்கு வாட்டினால் மரம் தேறவே நாளாகும். தம்பலகாமத்துக் களிமண்ணில் இதற்குப் பொறுமை வேண்டும். நிலாவெளி, உப்புவெளி மணலில் வறட்சி தானாகவே விரைந்து வந்துவிடும்.

மணலின் கணக்கு எளியது. ஒரு மீற்றர் ஆழ மணலில் வேர் எடுக்கக்கூடிய நீர் 100 மில்லிமீற்றருக்கும் குறைவு. வெயில் ஏறிய நாளொன்றில் செடியும் மண்ணும் சேர்ந்து 4, 5 மில்லிமீற்றரை இழப்பதால், மழை நின்று மூன்று வாரத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். எனவே நிலம் காய்வதற்கு முன்னரே, தை மாதத்திலேயே, கொய்யாவுக்கும் வாழைக்கும் மூடாக்கு இட்டுவிட வேண்டும். காய்ந்த பின் இடுவதில் பயன் குறைவு. சருகும் தேங்காயின் பொச்சுமட்டையும் மண்மேல் படும் வெயிலையும் காற்றையும் மறைத்து, நுண்துளைகள் வழியே மேலேறும் நீர் ஆவியாவதைத் தாமதிக்கின்றன. பொச்சின் சோறு, அதாவது நார்களுக்கிடையிலுள்ள தூள், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரையும் பிடித்துவைக்கும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டே பரப்ப வேண்டும். ஒட்டிக் குவித்தால் கறையானுக்கும் பட்டையழுகலுக்கும் இடமாகும்.

கிளையை எந்த இடத்தில் வெட்டுவது என்பதும் முக்கியமானது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று தெரியும். மரத்துக்கு நம் தோலைப்போலக் காயத்தை ஆற்றும் ஆற்றலில்லை. சிதைந்த பகுதியைச் சுவரிட்டு அடைத்துவிட்டு, அதன்மேல் புதிய மரத்தை வளர்க்கிறது. அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து காட்டிய உண்மை இது. அந்தச் சுவரின் வலிமை வளையத்தில் இருக்கிறது; அடிமரத்தோடு ஒட்ட வெட்டுவோர் அதையும் சீவிவிடுகிறார்கள். நீண்ட முண்டு விட்டு வெட்டினால் அந்த முண்டு செத்து, உளுத்து, அழுகலுக்கு உள்ளே வழிகாட்டுகிறது. வளையத்தை விட்டு, அதற்கு வெளியே சுத்தமாக வெட்டுவதே சரி. பாரமான கிளையை முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து தொங்காது.

நிழலில் இருந்த அடிமரம் இந்த வெட்டுகளால் வெளிச்சத்துக்கு வருகிறது. சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் திருகோணமலையின் நேர் உச்சியில் நிற்கும். அவ்வெயிலில் மெல்லிய பட்டை வெந்து பிளக்கும். அதற்கு முன், பங்குனிக்குள், திறந்துபோன கிளைகளின் மேற்பக்கத்தில் நீர்த்த சுண்ணாம்பைப் பூசிவிட வேண்டும்.