ஆஸ்பத்திரி பில் வேறு, இழப்பீடு வேறு

தை மாதம் சம்பா அறுவடையின்போது, பனியில் நனைந்த வைக்கோல் பெல்ட் வண்டி எனும் நெல் அறுவடை இயந்திரத்தின் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மணிக்கணக்கு வாடகை ஓடுகிறதே என்று, இன்ஜினை அணைக்காமலே ஹெல்பர் கையை விட்டுப் பிடுங்குவார். ஆட்காட்டி விரல் அடியோடு போய்விடும்.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கோ ஓடுவார்கள். வண்டி முதலாளி பில்லைக் கட்டிவிட்டால் "நல்ல மனுஷன், முழுசாப் பார்த்துக்கிட்டார்" என்று ஊர் பேசும், விஷயமும் அதோடு முடிந்துவிடும். அப்படி முடியக் கூடாது. சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியதில் அது ஒரு பகுதிதான்.

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்த விதிகள் யார் தப்பு என்று தோண்டுவதில்லை. குடிபோதை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டதா என்பதே முதல் கேள்வி. அப்புறம் கணக்கு. அந்த ஹெல்பருக்கு வயது 40, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 16 வயதுக்கு 228.54, 40-க்கு 184.17, 65-க்கு 99.37 என்று அட்டவணை இறங்கிக்கொண்டே போகும். ஆயுள் முழுக்க மாதாமாதம் வர வேண்டியது இன்றே ஒரே தொகையாக வருவதால், மீதி மாதங்களை அப்படியே எண்ணிப் பெருக்குவதில்லை. 7,200-ஐ 184.17-ஆல் பெருக்கினால் 13,26,024 ரூபாய். முழு ஊனத்துக்கான தொகை இது. ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு என்கிறது இன்னொரு அட்டவணை. ஆக, சுமார் 1,85,643 ரூபாய். கட்டைவிரல் என்றால் 30 சதவீதம், கிட்டத்தட்ட நான்கு லட்சம்.

இங்கே அளக்கப்படுவது விரல் அல்ல, பிழைப்பு. 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இது முழு ஊனம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. அட்டவணையைத் தாண்டி மனிதரைப் பார்த்த தீர்ப்பு என்று இதை நான் மதிக்கிறேன்.

சரி, ஆஸ்பத்திரிச் செலவு? அது 2009 திருத்தத்தில்தான் தனியாக வந்தது: சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும். இழப்பீட்டில் அதைக் கழிக்க முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று கட்டணப் பட்டியலே போட்டிருக்கின்றன. பணம் கட்டுபவர் ஒருவர், சிகிச்சை பெறுபவர் இன்னொருவர் என்றால் பில் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் காரணம். நம் சட்டத்தில் அப்படிப் பட்டியல் இல்லை, 'உண்மையில் ஆன செலவு' மட்டும்தான். ஆகவே பில் இல்லாத செலவைக் கேட்டு வாங்குவது கடினம். மருந்துக்கடைச் சீட்டைக்கூட எறியாதீர்கள்.

காயம் ஆறும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் வர வேண்டும், அதாவது பாதிச் சம்பளம். இழப்பீடு ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் 12 சதவீத வட்டி உண்டு. தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. டிராக்டர், மின்சாரம், இயந்திரம் கொண்டு செய்யும் விவசாய வேலை சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அரிவாளோடு அறுப்பவருக்கும், குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கும் அதில் இடம் இல்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் போன்ற அரசு உதவிதான் வழி.

பட்டியலில் இருப்பவரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். போலீஸ் வரை போக வேண்டாமே என்று கூட வந்தவர் "வீட்ல விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். மனுப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் மனு விசாரணைக்கு வரும் நாளில், அந்த ஏ.ஆர். காப்பியில் 'வீட்டில் விழுந்தது' என்றுதான் எழுதியிருக்கும்.