வெட்டி வெட்டி ஓடும் கொடை வீடியோ

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் ஒன்றரை மணி நேர வில்லுப்பாட்டை பக்கத்து வீட்டு அண்ணாச்சி போனில் எடுத்திருந்தார். மும்பையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காக, மகளின் லேப்டாப்பில் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து அதில் போட்டிருக்கிறார். படம் நகரவே மாட்டேன் என்றது. புலவர் வில்லில் அடிக்கும் வீசுகோலைத் தூக்குகிறார், அப்படியே நிற்கிறார், அடுத்து பார்த்தால் கோல் கீழே இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

“தம்பி, போன்ல பாத்தா தண்ணி மாதிரி ஓடுது. இதுல போட்டா வெட்டி வெட்டி ஓடுதே. லேப்டாப்ப மாத்திருவமா?”

“மாத்த வேண்டாம் அண்ணாச்சி. அந்த லேப்டாப் போதும்.”

இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. இப்படி ஓடும் பெரும்பாலான வீடியோக்களில் படமும் கெட்டுப்போயிருக்காது, கணினியும் பழுதாகியிருக்காது. அந்தக் கோப்பு பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட மூட்டை. நாம் அதை வெட்டுவதற்காகப் பிரிக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மூட்டையின் அளவைப் பார்ப்போம். 4கே என்ற உயர்தர வீடியோவின் ஒரு படத்தில் (ஃப்ரேம்) 3840 × 2160, அதாவது 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட் என்று வைத்தால் ஒரே ஒரு படத்துக்குச் சுமார் 25 மெகாபைட் ஆகும். விநாடிக்கு 30 படம் என்றால் 750 மெகாபைட், ஒரு நிமிடத்துக்கு 45 ஜிகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டு 22 நிமிடத்தில் நிறைந்துவிடும். கணபதி காப்பு பாடி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் அதே ஒரு நிமிடத்தை 400 மெகாபைட்டுக்குள் அடக்கிவிடுகிறது. நூறு மடங்குக்கு மேல் சுருக்கம். இது எப்படி முடிகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணியில் தண்ணீர் ஏறும்போது குறுக்குத்துறைப் படித்துறையில் நிற்பவர் வீட்டுக்குப் போன் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். காலையில் முதல் போனில் எல்லாவற்றையும் சொல்வார்: “பத்து படி வெளிய தெரியுது, கோயிலுக்குள்ள இன்னும் தண்ணி வரல.” அதற்கப்புறம் வரும் போனில் எல்லாம் மாறியது மட்டும்தான் இருக்கும். “ரெண்டு படி முங்கிட்டு.” “இன்னொரு படி போயிட்டு.” மறுமுனையில் இருப்பவர் காலையிலிருந்து எல்லாப் போனையும் எடுத்திருந்தால் இப்போது எத்தனை படி தெரிகிறது என்று சொல்லிவிடுவார். மூன்று மணிக்கு வந்த போனை மட்டும் எடுத்தவருக்கு ஒன்றும் விளங்காது.

போன் வீடியோவும் இப்படித்தான் பேசுகிறது. வீடியோவைச் சுருக்கும் எச்.264 என்ற முறை 2003-இல் வந்தது. அது படத்தை 16 × 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. கொடைப் பந்தலில் ட்யூப்லைட் அசைவதில்லை, பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸ் அசைவதில்லை. அசைவது புலவரின் கையும் வாயும், குடம் அடிப்பவரின் தோளும்தான். அதனால் அது எப்போதாவது ஒருமுறைதான் முழுப் படத்தை எழுதி வைக்கும். அதைக் கீ ஃப்ரேம் என்பார்கள். அடுத்து வரும் படங்களுக்கு ‘இந்தக் கட்டம் இவ்வளவு நகர்ந்தது, இந்தக் கட்டத்தில் இவ்வளவு மாறியது’ என்ற குறிப்பு மட்டும்தான். சில குறிப்புகள் முன்னால் போன படத்தோடு, இனி வரப்போகும் படத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும். பல போன்களில் கீ ஃப்ரேம் விநாடிக்கு ஒன்று வரும். இணையத்திலிருந்து இறக்கும் கோப்புகளில் இந்த இடைவெளி சில விநாடிகள் வரை நீளும்.

போனிலோ விஎல்சி போன்ற ப்ளேயரிலோ பார்க்கும்போது கணினி, காலையிலிருந்து எல்லாப் போனையும் எடுத்தவரைப் போல, முதல் குறிப்பிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறது. கொஞ்சம் முன்கூட்டியே பிரித்தும் வைத்துக்கொள்ளும். அதனால் சிரமமே இல்லை. எடிட்டிங்கில் நாம் அப்படிப் பார்ப்பதில்லை. நடுவில் எங்கோ கிளிக் செய்கிறோம், பின்னால் இழுக்கிறோம், ஒரு துண்டை வெட்டி இன்னொன்றோடு ஒட்டுகிறோம். கிளிக் செய்த இடம் ஒரு கீ ஃப்ரேமுக்கு 28 படம் தள்ளி இருந்தால், அந்த ஒரு படத்தைக் காட்ட முந்தைய கீ ஃப்ரேமுக்கு ஓடிப் போய் ஏறக்குறைய எல்லாக் குறிப்பையும் வரிசையாகப் பிரித்துக்கொண்டு வர வேண்டும். விநாடிக்கு 30 படம் ஓடும்போது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லிவிநாடிதான். ஒரு காட்சி மங்கி மறுகாட்சி வரும் இடத்தில் இரண்டு கோப்பை ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். அதற்கு மேல் நிறத் திருத்தம், தலைப்பு எழுத்து என்று போட்டிருந்தால் அந்த வேலையும் அதே 33 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். முடியாதபோது ஒலியை நிறுத்தாமல் படங்களைக் கைவிடுகிறது மென்பொருள். அதுதான் நாம் பார்க்கும் வெட்டு.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டைம்லைனில் (வீடியோ துண்டுகளை அடுக்கும் பட்டையில்) வலது அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு படமாக முன்னே போங்கள். பிறகு இடது அம்புக்குறியால் பின்னே வாருங்கள். முன்னே போவது எளிதாகவும் பின்னே வருவது இழுவையாகவும் இருந்தால், காரணம் இந்தக் கீ ஃப்ரேம் இடைவெளிதான்.

அண்ணாச்சியின் லேப்டாப்பில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. அவர் போன் எச்.265 முறையில் எழுதுகிறது. 2013-இல் வந்த இந்த முறை இன்னும் நெருக்கமாகச் சுருக்கும், பிரிப்பதற்கு இன்னும் கூடுதல் கணக்கு வேண்டும். ஐபோன் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இலிருந்து இதைத்தான் பழக்கமாக வைத்திருக்கின்றன. இந்தக் கணக்குக்கென்றே தனிச் சுற்று சிப்பில் இருந்தால் கவலையில்லை. 2015-க்கு முந்தைய பெரும்பாலான லேப்டாப்களில் அது கிடையாது. எல்லாப் பாரமும் பொதுச் செயலியின் தலையில் விழும். அடுத்த கொடைக்கு முன்னால் போன் கேமரா அமைப்பில் எச்.264-ஐத் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது. கோப்பு பெரிதாகும், ஆனால் வெட்ட எளிது.

ஏற்கெனவே எடுத்ததற்கு என்ன வழி? ப்ராக்ஸி. ஒவ்வொரு கோப்புக்கும் சின்னதாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு, வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லாம் அந்த நகலில் செய்வது. 960 × 540 அளவில் நகல் எடுத்தால் 4கே-யின் புள்ளிகளில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். அதோடு, நல்ல ப்ராக்ஸியில் ஒவ்வொரு படமும் முழுப் படமாகவே இருக்கும், அல்லது கீ ஃப்ரேம்கள் மிக நெருக்கமாக இருக்கும். எங்கே கிளிக் செய்தாலும் எந்தப் பழைய குறிப்பையும் கேட்க வேண்டியதில்லை. கடைசியில் எடிட் செய்ததை முழு வீடியோவாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யும்போது மென்பொருள் அசல் கோப்பையே எடுத்துக்கொள்ளும், ப்ராக்ஸியால் தரம் குறையாது. இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. கேடென்லைவில் ப்ராக்ஸியை வைத்தே ஏற்றுமதி செய்யும் தேர்வு ஒன்றும் உண்டு. அதை மட்டும் தொடாதீர்கள். ஒன்றரை மணி நேரக் கோப்புக்கு நகல் எடுக்கப் பழைய கணினி பல மணி நேரம் எடுக்கும். இரவில் ஓட விட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அண்ணாச்சி வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

நகல் எடுக்கப் பொறுமையில்லை என்றால் ப்ரிவியூ (எடிட் செய்யும்போது தெரியும் முன்னோட்டம்) அளவைக் குறைத்துப் பார்க்கலாம், கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் கோப்பைப் பிரிக்கும் வேலை அப்படியேதான் இருக்கும் என்பதால் எச்.265-க்கு இது போதாது.

வேறு காரணங்களும் உண்டு. வீடியோவைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டே எடிட் செய்யாதீர்கள், உள் வட்டுக்கு மாற்றுங்கள். சார்ஜரைச் செருகி வையுங்கள், பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் நம் ஊர் வெயில். கத்திரி நாளில் மெத்தையின் மேல் வைத்த லேப்டாப்புக்கு அடியில் காற்றே போகாது. செயலி 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்க ஆரம்பித்தால் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏற்றுமதி செய்த கோப்பிலும் அதே வெட்டு இருந்தால் அது வேறு வியாதி. விநாடிக்கு 30 படம் என்று எடுத்ததை, விநாடிக்கு 25 படம் என்று அமைத்த எடிட்டிங் திட்டத்தில் (ப்ராஜெக்ட்) போட்டால் ஒவ்வொரு ஆறு படத்திலும் ஒன்று காணாமல் போகும். போன் எடுத்த எண்ணிக்கையையே திட்டத்துக்கும் வையுங்கள்.

இந்த எண்ணிக்கை விஷயத்தில்தான் வில்லுப்பாட்டுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது. சாமக்கொடை நள்ளிரவில் நடக்கிறது. வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கும், அதனால் விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை குறையும். தீப்பந்தம் பக்கத்தில் வந்தால் மறுபடி ஏறும். ப்ளேயர்கள் இதைச் சமாளித்துவிடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் ஒரே சீராக 30 என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான சராசரி 29.9 என்று வைத்தால்கூட, ஒரு மணி நேரத்தில் படம் ஒலியைவிட 12 விநாடி முந்திவிடும். வீசுகோல் விழுந்து நெடுநேரம் கழித்து வில்லில் கட்டிய மணி ஒலிக்கும். பாட்டைக் கேட்டு வளர்ந்த யாராலும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

இதற்கு ப்ராக்ஸி மட்டும் போதாது. எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே அசலைச் சீரான எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் செய்துவிடும். ஷாட்கட், இப்படிப்பட்ட கோப்பைத் திறந்தவுடனே மாற்றித் தரட்டுமா என்று தானே கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

மாற்றியதும் தொடக்கத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பிசகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால் தொடக்கத்தில் தெரியாது. நேராகக் கடைசிக்கு, வாழி பாடும் இடத்துக்குப் போங்கள். ஒலிப் பட்டையில் மணி ஒலிக்கும் இடம் கூர்மையாக எழும்பி நிற்கும். அம்புக்குறியால் ஒவ்வொரு படமாக நகர்த்தி, கோல் வில்லில் படும் படத்தில் நிறுத்துங்கள். அண்ணாச்சி வீட்டில் அந்தப் படமும் ஒலியின் கூர்முனையும் ஒரே கோட்டில் வந்து நின்றபோதுதான் ஏற்றுமதி பொத்தானை அழுத்தினோம்.